சட்டத்தில் வரும் ஒரு சொல்லுக்கு மேன்முறையீட்டு நீதிமன்றங்கள் எப்படிப் பொருள் காண்கின்றன? அகராதி போதாதா?

போதாது. அகராதியில் தொடங்குவார்கள், அதிலேயே நின்றுவிட மாட்டார்கள்.

நான் நீதிபதியோ சட்டத்தரணியோ இல்லை. திருகோணமலையில் சட்டத்தரணி ஒருவரிடம் எழுதுவினைஞராக இருக்கிறேன். மேன்முறையீட்டு மனுக்களைத் தட்டச்சுச் செய்து பழகியதில் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்.

சாட்சி சொன்னது உண்மையா பொய்யா என்பதில் மேல்நிலை நீதிமன்றம் இலேசில் கைவைக்காது. சாட்சிக் கூண்டில் நின்றவரை நேரில் பார்த்தவர் விசாரித்த நீதிபதிதானே. சொல்லின் பொருள் அப்படியல்ல, அது சட்டவினா. அதில் கீழே சொன்னதற்கு மேலே இருப்பவர்கள் கட்டுப்படத் தேவையில்லை, தாங்களே புதிதாக வாசிப்பார்கள். நீதவான் நீதிமன்றில் ஒருவரும் திரும்பிப் பார்க்காத ஓர் 'அல்லது', மேல் நீதிமன்றத்துக்குப் போனதும் முழு வழக்காகிவிடுவது இதனால்தான்.

எங்கள் ஊருக்குப் பொருத்தமான உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. 2007இல் யேட்ஸ் என்ற புளோரிடாப் படகுத் தலைவர் மெக்சிகோ வளைகுடாவில் 20 அங்குலத்துக்குக் குறைந்த கலவாய் மீன்களைப் பிடித்துவிட்டார். அதிகாரி படகில் ஏறி அளந்து, 72 மீன்களைத் தனியாக வைத்து, கரைக்குக் கொண்டுவரச் சொன்னார். அவற்றைக் கடலில் வீசச் சொன்னார் யேட்ஸ் என்பது வழக்கு. அவர்மேல் பாய்ந்த சட்டமோ மீன்பிடிச் சட்டம் அல்ல. என்ரோன் என்ற அமெரிக்க நிறுவனம் கணக்கு மோசடியில் சரிந்த பிறகு, கணக்கு ஆவணங்களை அழிப்பவர்களைப் பிடிக்க 2002இல் கொண்டுவந்தது, 20 ஆண்டு வரை சிறை. அதில் 'பதிவேடு, ஆவணம் அல்லது தொட்டுணரக்கூடிய பொருள்' எதையும் அழிப்பது குற்றம்.

மேன்முறையீட்டு நீதிமன்றம் அகராதியைப் பார்த்தது. மீனைத் தொடலாம், ஆகவே மீன் பொருள், தண்டனை சரி என்றது. 2015இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அதைக் கவிழ்த்தது. நால்வர் சார்பில் கின்ஸ்பர்க் எழுதியதன் சாரம்: பதிவேடு, ஆவணம் என்ற சொற்களுக்குப் பக்கத்தில் நிற்கும் 'பொருள்', தகவலைப் பதிந்து வைக்கப் பயன்படும் பொருளைத்தான் குறிக்கும். சந்தேகம் மிஞ்சினால் குற்றவியல் சட்டத்தில் அது குற்றஞ்சாட்டப்பட்டவருக்குச் சாதகமாகவே போகவேண்டும். ஐந்தாமவர் அலிட்டோ தனியாக எழுதினார். அதே பிரிவில் 'பொய்ப்பதிவு செய்தல்' என்றும் இருக்கிறதே, மீனில் எப்படிப் பொய்ப்பதிவு செய்வது என்பது அவர் கேள்வி.

இந்தக் கதையைத் திருக்கடலூரில் மீன்வாடி வைத்திருக்கும் ஒரு அண்ணரிடம் சொன்னேன். "மீன் சாமான் இல்லையெண்டா, நான் இவ்வளவு காலமும் என்னத்தைத் தம்பி வித்தனான்?" என்றார். மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய நீதியரசர் ககனின் வாதமும் ஏறக்குறைய அதுதான்: சட்டமன்றம் வேண்டுமென்றே அகலமான சொல்லைப் போட்டது, அதை வெட்டிச் சுருக்குவது நீதிபதியின் வேலையல்ல. வாதம் என்று பார்த்தால் எனக்குக் ககனுடையதுதான் கூர்மையாகப் படுகிறது. ஆனாலும் மீனை வீசியதற்கு இப்படியொரு சட்டமா என்று கேட்டால், முடிவு நல்ல முடிவுதான்.

இலங்கையில் இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு 2018. இது மேன்முறையீடு அல்ல, அடிப்படை உரிமை மனு. வாசிக்கும் முறை ஒன்றே. அந்த நவம்பர் 9இல் ஜனாதிபதி சிறிசேன பாராளுமன்றத்தைக் கலைத்தார். அரசியலமைப்பின் 33(2)(இ) உறுப்புரையில் பாராளுமன்றத்தைக் கூட்ட, ஒத்திவைக்க, கலைக்க அவருக்கு அதிகாரம் உண்டென்று நேராகவே எழுதியிருக்கிறது, பிறகென்ன என்றது அரசுத் தரப்பு. 70(1) அப்போது வேறு சொன்னது: முதல் அமர்விலிருந்து நாலரை ஆண்டு ஆகுமுன் கலைக்க முடியாது, மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர் தீர்மானம் நிறைவேற்றிக் கேட்டாலொழிய. எதிர்த்து மனுப் போட்டவர்களில் அப்போது எங்கள் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினராக இருந்த சம்பந்தன் ஐயாவும் ஒருவர், தீர்ப்பே அவர் பெயரில்தான் வழங்குகிறது. டிசம்பர் 13இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கைக் கேட்ட ஏழு நீதியரசர்களும் ஒருமித்துச் சொன்னார்கள்: 33இல் இருப்பது பொதுவான அதிகாரம், அதை எப்போது, எப்படிப் பயன்படுத்தலாம் என்பதை 70 சொல்கிறது, இரண்டையும் சேர்த்தே வாசிக்கவேண்டும். 'கலைக்கலாம்' என்ற சொல்லின் அகராதிப் பொருளில் அங்கே யாருக்கும் சண்டையே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

வழக்கில் உள்ளவர்களுக்கு ஒரு நடைமுறை விஷயம். எங்கள் சட்டங்களில் வரைவிலக்கணங்கள் பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில் வரும் பொருள்கோடல் பிரிவில் இருக்கும், அகராதிக்கு முன் அதைப் புரட்டுங்கள். அங்கே இல்லாவிட்டால் 1901ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பொருள்கோடல் கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஆண்பாற் சொல் பெண்ணையும் குறிக்கும், ஒருமை பன்மையையும் குறிக்கும் என்பன போன்ற பொது விதிகள் அதில்தான். பொருள்கோடல் பிரிவுக்குப் பக்கத்திலேயே, சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் முரண்பாடு வந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்ற வரியும் வழக்கமாக இருக்கும். இது நியாயமா என்பது வேறு விவாதம், எனக்கு அதில் மனக்குறை உண்டு. ஆனால் தமிழ்ப் பிரதியின் ஒரு சொல்லை மட்டும் நம்பி மேன்முறையீட்டுக்குப் போகப் போகிறீர்கள் என்றால், அதே பிரிவைச் சிங்களத்திலும் வாசித்துக் காட்டச் சொல்லி உங்கள் சட்டத்தரணியிடம் முதலே கேளுங்கள்.