ஓட்டோவைத் தண்ணீரில் ஓட வைக்கலாம் என்கிறார்கள், நம்பலாமா?

கேள்வி: கிளிநொச்சியில் ஒரு கராஜில் ஓட்டோவுக்குத் தண்ணீர் 'கிற்' பூட்டித் தருகிறார்களாம். உடனே பெற்றோல் செலவு பாதியாகும், போகப்போகத் தண்ணீரிலேயே ஓடும் என்கிறார்கள். காசு கொடுத்துப் பூட்டலாமா?

பதில்: பூட்ட வேண்டாம். ஓட்டோவின் மின்சாரத்தால் ஒரு போத்தலுக்குள் தண்ணீரைப் பிரித்து, வரும் வாயுவை எஞ்சினுக்குள் விடுவதுதான் இந்தக் கிற். நான் வன்னியில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். இதே கேள்வியை மாணவர்களும் அவர்களின் தகப்பன்மாரும் என்னிடம் கேட்டபடி இருக்கிறார்கள். 2022இல் பெற்றோலுக்கு இரவிரவாக வரிசையில் நின்ற சனத்துக்கு இப்படி ஒரு ஆசை வருவதில் பிழையே இல்லை. அந்த ஆசையை வைத்துக் காசு பறிப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"போர்க்காலத்தில் பெற்றோலுக்குத் தடை இருந்தபோது வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடவில்லையா? அப்போதும் படித்தவர்கள் சரிவராது என்றுதானே சொன்னார்கள்?" என்று கேட்பார்கள். சரியான கேள்வி. ஓடியது, உண்மை. கொஞ்சம் பெற்றோல் விட்டு எஞ்சினைச் சூடாக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெள்ளைப் புகையும் நெடியுமாக வாகனம் போகும். தோட்டத்து மண்ணெண்ணெய்ப் பம்பை இழுத்து ஸ்ராட் பண்ணியவர்களுக்கும் இது தெரிந்த வேலைதான். ஆனால் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயில் பெற்றோலைவிடச் சற்றுக் கூடவே சக்தி இருக்கிறது. எங்கள் மெக்கானிக்மார் செய்தது, உள்ளே இருந்த சக்தியை வெளியே எடுத்த கெட்டித்தனம். தண்ணீரில் எடுக்க எதுவும் இல்லை. ஐதரசன் எரிந்து முடிந்து மிஞ்சுவதுதான் தண்ணீர். அடுப்புச் சாம்பலை அள்ளி மறுபடி அடுப்பில் போட்டு எரிக்கப் பார்ப்பது போன்றது இது.

தண்ணீரை மறுபடி ஐதரசனும் ஒட்சிசனுமாகப் பிரிக்க முடியாதா? தாராளமாக முடியும். அதற்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கவேண்டும். ஒரு கிலோ ஐதரசன் எடுக்க ஏறக்குறைய 9 லீற்றர் தண்ணீரும், கணக்குப்படி குறைந்தது 39 அலகு மின்சாரமும் தேவை. நடைமுறையில் 50 அலகுக்கு மேல் போகும். அந்த ஐதரசனை எரித்தால் அதே 39 அலகுக்கு மேல் ஒருபோதும் வராது.

இந்த வேலையைப் பெரிய அளவில் செய்த இடம் எங்கள் பக்கத்திலேயே இருந்தது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் ஆனையிறவு உப்பைக் கரைத்து, மின்சாரம் பாய்ச்சி, கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் எடுத்தார்கள். அந்த வேலையில் ஐதரசனும் கூடவே வரும். அந்த ஐதரசனை எரித்தே செலவான மின்சாரத்தைத் திரும்ப எடுக்க முடிந்திருந்தால், பரந்தனுக்கு வெளியிலிருந்து மின்சாரமே வந்திருக்கத் தேவையில்லை.

சரி, உங்கள் ஓட்டோவுக்கு வருவோம். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் ஆட்களோடு ஓட அதற்கு ஏறக்குறைய 2000 வொற் வேண்டும். கிற்றுக்கு 100 வொற் மின்சாரம் கொடுக்கிறீர்கள் என்று வைப்போம். அந்த 100 வொற்றை உண்டாக்கவே எஞ்சினிலிருந்து 170, 180 வொற் போகும். தண்ணீரைப் பிரிப்பதில் ஒரு பங்கு வெப்பமாகப் போய், ஐதரசனாக 65 வொற் அளவில் மிஞ்சும். எரிபொருளில் கால்பங்கைத்தான் எஞ்சின் உந்துசக்தியாக மாற்றும். ஆகவே கைக்கு வருவது 16 வொற். 170ஐக் கொடுத்து 16ஐ வாங்குகிறீர்கள், இடைவெளியை நிரப்புவது உங்கள் பெற்றோல். "அந்த வாயு பெற்றோலை முழுதாக எரிய வைக்கும்" என்றும் சொல்வார்கள். ஒழுங்காக ரியூன் பண்ணிய எஞ்சினில் எரியாமல் போவது நூற்றில் இரண்டு மூன்று பங்குதான். அதற்குள் எங்கிருந்து பாதியை மிச்சம் பிடிப்பது?

2008இல் இலங்கையிலேயே ஒருவர் 3 லீற்றர் தண்ணீரில் 300 கி.மீ. கார் ஓடியதாகச் சொன்னார். அப்போதைய பிரதமர் வரை போய்ச் செய்துகாட்டினார். சில மாதங்களில் முதலீட்டு மோசடிச் சந்தேகத்தில் கைதானார். 3 லீற்றர் தண்ணீரில் இருக்கும் ஐதரசன் மொத்தமே 333 கிராம். அதை யாரோ இலவசமாகப் பிரித்துத் தந்தாலும் அதன் சக்தி ஒன்றேகால் லீற்றர் பெற்றோலுக்குத்தான் சமம். எந்தக் கார் அதில் 300 கி.மீ. போகும்? அமெரிக்காவின் ஒகாயோவில், தண்ணீரில் வாகனம் ஓடும் என்று சொன்ன ஸ்ரான்லி மேயரின் 'தண்ணீர் எரிபொருள் கலத்தை' நிபுணர்கள் பார்த்து, அது மின்சாரத்தால் தண்ணீரைப் பிரிக்கும் சாதாரண மின்பகுப்புத்தான் என்றார்கள். 1996இல் நீதிமன்றம் அதை மோசடி என்று தீர்த்து, முதலீட்டாளர் இருவருக்கு 25,000 டொலரைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது.

அப்படியானால் பூட்டியவர்கள் ஏன் மிச்சம் பிடிக்கிறது என்று சொல்கிறார்கள்? பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. பூட்டும்போதே பிளக்கைத் துடைத்து, காபுரேற்றரைச் சரிபண்ணி விடுவார்கள். காசு கொடுத்தவரும் மீற்றரைப் பார்த்துப் பார்த்து மெதுவாக ஓடுவார். இந்த இரண்டுமே பெற்றோலைக் குறைக்கும்.

இன்னொன்று, இது முக்கியம். அந்தப் போத்தலுக்குள் இருப்பது ஐதரசனும் ஒட்சிசனும் கலந்த வாயு. ஒரு பொறி பட்டால் வெடிக்கும், வைப்பதோ ஆட்கள் இருக்கும் சீற்றுக்குக் கிட்ட. மின்சாரம் பாய்வதற்காக அந்தத் தண்ணீரில் கலக்கும் கோஸ்ரிக் சோடாக் கரைசல் தெறித்தால் கண் போய்விடும். அதற்குப் பதிலாகச் சிலர் கறியுப்பையே போடுகிறார்கள். வகுப்பில் பழைய ரோச் பற்றறியின் கரிக்கோல் இரண்டை உப்புத் தண்ணீரில் வைத்துக் காட்டுவேன். கொஞ்ச நேரத்தில் ஒரு கோலில் குமிழி ஏறி, வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குப் போடுகிற மருந்தின் நெடி மூக்கில் அடிக்கும். அது குளோரின். யன்னலைத் திறந்துவைத்துத்தான் செய்வேன்.

கராஜ்காரர் விடாப்பிடியாக நின்றால், காசு கொடுக்க முதல் ஒன்று கேளுங்கள். கிற்றைப் பூட்டி, ரியூன் பண்ணி, சுவிச்சை உங்கள் கண்ணில் படாமல் வைக்கட்டும். தாங்கியை விளிம்புவரை நிரப்பி, ஒரே ஏ9 பாதையில், ஒரே பாரத்தோடு வவுனியா போய் வாருங்கள். திரும்பி வந்து அதே விளிம்புவரை நிரப்பினால் எத்தனை லீற்றர் போனது என்று தெரியும். சுவிச்சைச் சில நாள் போட்டும் சில நாள் நிறுத்தியும் வேறொருவர் வைக்க வேண்டும், எந்த நாள் எது என்று ஓடுகிறவருக்குத் தெரியக்கூடாது. அவர் சம்மதித்தால் அளவுகளை இங்கே எழுதுங்கள், கணக்கை நான் பார்த்துச் சொல்கிறேன். சம்மதிக்காவிட்டால் அந்தக் காசில் பிளக் மாற்றி, ரயருக்குக் காற்றடித்து, மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.