சிலந்திப் பட்டு வேண்டாம், தையல் நூல் முடியும்

கேள்வி: கோபி பக்கம் இரண்டு ஏக்கரில் மல்பெரி போட்டு வெண்பட்டுக்கூடு எடுக்கிறேன். சேலைக்குப் போகும் பட்டை விட்டுவிட்டு, ஆபரேஷனுக்குத் தைக்கும் நூல், சிலந்திப் பட்டு மாதிரியான தொழிற்சாலைச் சரக்கை நாமே இங்கு தயாரிக்க முடியுமா?

பதில்: சிலந்திப் பட்டை மறந்துவிடுங்கள். சிலந்திகளைக் கூட்டமாக அடைத்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். மடகாஸ்கரில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட சிலந்திகளைப் பிடித்து நூலெடுத்து நெய்த ஒரே ஒரு துணி, 2009-இல் நியூயார்க்கில் காட்சிக்கு வந்தது. சிலந்தியின் மரபணுவைப் பட்டுப்புழுவில் சேர்க்கும் வேலை வெளிநாட்டில் நடக்கிறது. அந்தப் புழுவை இங்கே வளர்க்க மத்திய அரசின் அனுமதி வேண்டும். அப்படி முட்டை தருவதாகச் சொல்லி யாராவது முன்பணம் கேட்டால் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

தையல் நூல் முடியும். அதற்கு உங்கள் வெண்கூடே (பைவோல்டைன் ரகம்) போதும். ஒரு கூட்டில் சுமார் 1,000 மீட்டர் இழை இருக்கிறது. கஷ்டமெல்லாம் நூல் எடுக்கும் இடத்தில்தான். கூட்டின் இழை உள்ளே போகப் போக மெலியும். 20/22 டீனியர் (நூலின் தடிமனைச் சொல்லும் அளவு) நூலுக்கு ஏழெட்டுக் கூடுகளின் இழையைச் சேர்த்து இழுக்கிறார்கள். ஒன்று தீர்ந்ததும் அடுத்ததை உடனே இணைக்காவிட்டால் அந்த இடம் மெலிந்துபோகும். சேலையில் இதை நெசவாளர் சமாளித்துவிடுவார். தையல் நூலில் மெலிந்த இடத்தில் முடிச்சுப் போட்டால் அறுந்துவிடும். அதனால்தான் நூலைக் கறுப்புப் பலகையில் நெருக்கமாகச் சுற்றி, விளக்கு வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். நல்ல நூல் ஒரே நிறமாகத் தெரியும். தடிமன் மாறினால் பட்டை பட்டையாகக் கோடு விழும். ஆட்டோமேட்டிக் ரீலிங் மெஷினில் இந்த இணைப்பை மெஷினே கவனித்துக்கொள்ளும். தையல் நூலுக்கு அந்த மெஷினில் எடுத்த பட்டுதான் சரிப்படும்.

உங்கள் கையில் இருப்பது கூடு கட்டும் நாட்கள். ஐப்பசி மழையில் ஷெட்டை மூடி வைத்தால் ஈரம் நின்று, கூட்டின் பசை சரியாகக் காயாது; பிறகு நூல் எடுக்கும்போது இழை அறுந்துகொண்டே இருக்கும். நெட்ரிகாவில் (புழு கூடு கட்டும் பிளாஸ்டிக் வலைத்தட்டு) புழு ஏறியதும் காற்றோட்டம் கொடுங்கள். வெப்பம் 24, 25 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். இரண்டு புழு சேர்ந்து கட்டிய இரட்டைக்கூடு, கறைக்கூடு ஒன்றுகூடக் கலக்கக் கூடாது.

அப்புறம் பசை நீக்குவது, பின்னுவது, மெழுகு பூசுவது, ஊசி பொருத்துவது, கிருமி நீக்குவது எல்லாம் 2017 மருத்துவக் கருவி விதிகளின் கீழ் லைசென்ஸ் வாங்கிச் செய்ய வேண்டிய வேலை. ஒரு விவசாயி தனியாக அதில் இறங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆஸ்பத்திரிகளில் செயற்கை நூல் பெருகிவிட்டதால் பட்டுத் தையல் நூலுக்கான இடமும் சுருங்கி வருகிறது. தரமான கூட்டையோ நூலையோ தையல் நூல் தயாரிக்கும் தொழிற்சாலைகளுக்குக் கொடுப்பதோடு நில்லுங்கள்.

‘எரி’ என்ற இன்னொரு பட்டு ரகத்தையும் யோசித்துப் பாருங்கள். ஆமணக்கு இலை, மரவள்ளி இலை தின்று வளரும் புழு அது. நாமக்கல், சேலம் பக்கம் மரவள்ளிக்குப் பஞ்சமில்லை. கூட்டின் ஒரு முனை திறந்திருப்பதால் நீள இழையாக உருவ முடியாது. பஞ்சு மாதிரி நூற்க வேண்டும். நூற்பு நம் ஊருக்குப் பழகிய தொழில்தானே!

ரீலிங் மெஷினுக்குக் கடன் வாங்குவதற்கு முன், அடுத்த அறுவடையில் கொஞ்சம் கூட்டைத் தனியாக நூலெடுக்கச் சொல்லுங்கள். அந்த நூலோடு கோவையில் உள்ள ஜவுளி ஆராய்ச்சி நிலையமான சிட்ராவுக்குப் போங்கள். மருத்துவ ஜவுளிக்கென்றே அங்கு தனி மையம் இருக்கிறது.