பக்கத்து வீட்டு சன்னலை மறைக்க எந்தக் கொடி?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) மூலை வீடு எங்களுடையது. பக்கவாட்டில் 32 அடி நீளத்துக்குச் சங்கிலிக் கம்பி வேலி, உயரம் 5 அடி. பக்கத்து வீட்டில் பின்புறத்தை நீட்டிக் கட்டியதில், அவர்களுடைய சமையலறை சன்னல் நாங்கள் துணி காயப்போடும் இடத்துக்கு நேர் எதிரே வந்துவிட்டது. மதில் எழுப்ப இப்போதைக்கு வசதி இல்லை. பிற்பகல் முழுக்க வெயில் அடிக்கும் இடம். எஸ்டேட்டில் வேலை செய்யும் மாமா, முக்குனா விதை தருகிறேன், ஆறே மாதத்தில் மூடிவிடும் என்கிறார். சாமிக்குப் பூவும் கிடைத்தால் நல்லது. எதை வைக்கலாம்?

பதில்: மாமா சொல்வது பொய்யில்லை. முக்குனா வேலியை மூடும். அதோடு நிற்காமல் துணிக்கொடியையும் கூரையையும் பக்கத்து வீட்டு மாமரத்தையும் மூடும். 1990களில் கேரளத்திலிருந்து இங்கே வந்த இந்தக் கொடி, இளம் செம்பனைகளுக்கு (எண்ணெய்ப்பனைகளுக்கு) நடுவே களையை அடக்கித் தரையை மூடுவதற்காக நடப்படுவது. நல்ல மண்ணில் ஒரு நாளைக்கு 10 சென்டிமீட்டர்கூட ஓடும். எஸ்டேட்டிலேயே கன்றின் மேல் ஏறிய கொடியை இழுத்துவிட ஆள் போட வேண்டியிருக்கிறது. நீலப் பூ பூக்கும் துன்பெர்ஜியாவும் இதே ரகம்தான். வெட்டி எறிந்தாலும் மண்ணுக்கடியில் இருக்கும் கிழங்கு மறுபடி துளிர்விடும்.

வேலியை மறைக்கக் கொடி தேடும்போது, எது சீக்கிரம் வளரும் என்பது இரண்டாவது கேள்விதான். கீழிருந்து மேல்வரை இலை நிற்குமா, அதன் கனத்தை வேலி தாங்குமா என்பதை முதலில் பாருங்கள்.

காகிதப்பூ வேண்டாம். காற்றில் பறக்கும் துணி முள்ளில் மாட்டினால் கிழியும். அலமண்டாவின் பால் சிலருக்கு அரிப்பு தரும். ரங்கூன் மல்லி மாலையில் மணக்கும், வெள்ளையாக விரிந்து சிவப்பாக மாறும், ஆசை வரும்தான். ஆனால் தண்டு மரமாகி, உதிர்ந்த இலைக்காம்பின் அடி முள்ளாக நிற்கும். வேரிலிருந்து கன்றுகள் கிளம்பிக் கால்வாய் ஓரத்தில் எட்டிப் பார்க்கும். பெரிய தோட்டத்துக்குச் சரி, தாமான் வீட்டுக்கு ஆகாது.

உங்கள் இடத்துக்குப் பூண்டுக்கொடிதான் பொருத்தம். நர்சரியில் ‘கார்லிக் வைன்’ என்று கேளுங்கள். இலையைக் கசக்கினால் பூண்டு வாசம் வரும், சும்மா இருக்கும்போது வராது. ஆண்டு முழுக்க இலை அடர்த்தியாக நிற்கும். பற்றிச் சுருளும் இழைகள் (பற்றுக்கம்பி) இருப்பதால் கம்பி வலையைத் தானே பிடித்துக்கொள்ளும். ஆண்டுக்குச் சில முறை ஊதாப் பூ கொத்துக் கொத்தாக வந்து, வெளிறி வெள்ளையாகும். அந்த வாசத்தைப் பாம்பு அண்டாது என்று சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்.

வேலியை 7 அடிக்கு உயர்த்தினால், இது அந்த உயரம் அடர்ந்து வர ஒன்று முதல் ஒன்றரை ஆண்டு ஆகும். அதுவரை சங்குப்பூ மறைக்கட்டும். விதையை ஓர் இரவு ஊறவைத்து அரை அங்குல ஆழத்தில் போட்டால், இரண்டு மூன்று மாதத்தில் வேலி பச்சையாகிவிடும். சாமிக்குப் பூவும் தினம் கிடைக்கும். காயை முற்றவிடாமல் கிள்ளினால்தான் பூ தொடரும்.

கொடி வாங்குவதற்கு முன் வேலியைப் பலப்படுத்துங்கள். இலை அடர்ந்த வேலி கப்பல் பாய் மாதிரி. ஈர இலையின் கனத்தோடு பிற்பகல் புயல்காற்றும் சேர்ந்தால் மெல்லிய தூண் சாய்ந்துவிடும். பழைய தூணின் தலையில் குழாயை ஒட்டி உயர்த்துவது நிற்காது. ஒன்றரை அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயில் 9 அடித் துண்டுகளாக ஐந்து வாங்கி, 8 அடிக்கு ஒன்றாக, 2 அடி ஆழம் 1 அடி அகலக் குழியில் கான்கிரீட் போட்டு நிறுத்துங்கள். தரைக்கு மேல் 7 அடி கிடைக்கும். பழைய வேலிக்கு மேலே உள்ள 2 அடிக்கு பி.ஆர்.சி. வலையை (பற்றவைத்த கம்பி வலை) கட்டினால் போதும். குழாயின் வாயை மூடியோ சிமெண்டோ வைத்து அடையுங்கள். திறந்த குழாயில் மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிட அதுவே போதும், கீழே நின்று பார்த்தால் தெரியவும் தெரியாது.

பூண்டுக்கொடி ஏழு கன்று வேண்டும். முதல் கன்று ஓரத்திலிருந்து இரண்டரை அடியில், பிறகு நாலரை அடிக்கு ஒன்று. குழி ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம். தாமான் மண்ணில் கல்லும் சிமெண்டுத் துண்டும் கிடக்கும், பொறுக்கி எறியுங்கள். நம் செம்மண் புளிப்பு மண். அதனால் நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே குழிக்கு 150 கிராம் டோலமைட் சுண்ணாம்பு கலந்து வையுங்கள். நடும் அன்று மேல்மண் இரண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, அதோடு 100 கிராம் ராக் பாஸ்பேட். பச்சைக் கோழிச்சாணம் வேண்டாம், வேரைச் சுட்டுவிடும். அக்டோபர் மழை தொடங்கும்போதோ ஏப்ரலிலோ நட்டால் தண்ணீர் ஊற்றும் வேலை குறையும். சனவரி, பிப்ரவரி, சூன், சூலையில் மழை தள்ளிப்போனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கன்றுக்கு 5 லிட்டர்.

மூடாக்காகக் காய்ந்த புல்லை 2 அங்குலம் போடுங்கள், தண்டை ஒட்டிப் போடக் கூடாது. எண்ணெய் மில்லிலிருந்து பழம் நீக்கிய செம்பனை வெறுங்குலை இலவசமாகக் கிடைக்கிறதே என்று குவித்துவிடாதீர்கள். அழுகும் குவியலில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். தென்னை வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள்.

பலர் கோட்டைவிடுவது இனிமேல்தான். கொடியை அதன் போக்கில் விட்டால் நுனி நேராக உச்சிக்கு ஓடும். இலையும் பூவும் மேலே குவியும், கண் மட்டத்தில் வெறும் குச்சிதான் நிற்கும். நுனி இருக்கும்வரை பக்கத் துளிர்கள் அடங்கியே இருக்கும், அதனால்தான் இப்படி. கன்று ஒன்றரை அடி வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். வரும் கிளைகளில் நான்கைத் தேர்ந்து, இரண்டை வலப்பக்கமும் இரண்டை இடப்பக்கமுமாக, கீழ்க் கம்பியோடு படுக்கவைத்துத் தளர்வாகக் கட்டுங்கள். படுத்த கிளையின் ஒவ்வொரு கணுவிலிருந்தும் மேல்நோக்கித் துளிர் வரும். அவை 3 அடி வந்ததும் மறுபடி ஒரு கிள்ளு. இந்த ஆறு மாதம் பொறுமையாக இருந்தால் பிறகு அடிப்பக்கம் மொட்டையாகாது.

சங்குப்பூவை இரண்டு கன்றுகளுக்கு நடுவில் மட்டும் விதையுங்கள், இடைவெளிக்கு இரண்டு குழி போதும். பூண்டுக்கொடியின் மேல் படர்ந்தால் வெட்டிவிடத் தயங்காதீர்கள். பூண்டுக்கொடி மேல் கம்பியைத் தொட்டதும் சங்குப்பூவை வேரோடு எடுத்துவிடலாம்.

உரம்: முதல் ஆறு மாதம் மாதம் ஒரு மேசைக்கரண்டி 15:15:15 (தழை, மணி, சாம்பல் சத்து சமமாக உள்ள உரம்), தண்டிலிருந்து ஓரடி தள்ளி வட்டமாக. பிறகு 12:12:17:2 நீல உரம், மாதம் இரண்டு கரண்டி. முதிர்ந்த இலையில் நரம்பு பச்சையாக இருந்து இடையில் மஞ்சளித்தால் மெக்னீசியம் போதவில்லை என்று பொருள். ஒரு கரண்டி கீசரைட் (மெக்னீசிய உரம்) போடுங்கள், மாமாவிடம் கேட்டால் தெரியும். இளந்துளிரில் வெள்ளையாக மாவுப்பூச்சி தெரிந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி பாத்திரச் சோப்பு கலந்து மாலையில் அடிக்கலாம்.

இரண்டாம் ஆண்டிலிருந்து, பூத்து ஓய்ந்ததும் கிளைகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டி, உள்ளே காய்ந்து கிடப்பதை இழுத்தெறியுங்கள். வேலியின் அடியில் அரை அடி எப்போதும் வெறுமையாகத் தெரிய வேண்டும். செம்பனைக் காட்டில் எலி அதிகம். எலியைத் தேடி வரும் நாகம் இலைக் குப்பையில் சுருண்டால் தெரியாது. பக்கத்து வீட்டுப் பக்கம் நீளும் கிளையை வெட்ட அவர்கள் வாசல் வழியாகத்தான் போக வேண்டியிருக்கும், நடுவதற்கு முன்பே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.