தாத்தா எரித்த ரசீதுப் புத்தகம்

வணக்கம் ஐயா,

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் கூலியாட்களைக் கொண்டுபோய்ப் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் தாத்தாவும் அங்கே போய் உயிரோடு திரும்பியவர்தான். அப்புறம் மலாயாவில், சிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டே தொழிற்சங்கத்துக்குச் சந்தா வசூலித்திருக்கிறார். 1949ல் தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியைத் தூக்கில் போட்ட செய்தி வந்ததும், கூரையில் ஒளித்து வைத்திருந்த ரசீதுப் புத்தகத்தை அடுப்பில் போட்டுவிட்டாராம். அத்தைதான் சொன்னார், அவருக்கு இப்போது 88 வயது. வீட்டில் தாத்தாவுக்கு இன்றும் 'பயந்தாங்கொள்ளி' என்றுதான் பெயர். இதையெல்லாம் எழுதினால் அவரை அவமானப்படுத்துவது ஆகாதா?

கே., ஈப்போ

அன்புள்ள கே.,

எழுதுங்கள். அந்தப் பயந்தாங்கொள்ளியிலிருந்தே ஆரம்பியுங்கள்.

கம்யூனிஸ்டுகளை ஒடுக்க பிரிட்டிஷ் அரசு அவசரகாலம் அறிவித்த அதே 1948 ஜூனில் அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தையே முடக்கிவிட்டார்கள். விசாரணை இல்லாமல் உள்ளே வைக்கலாம், கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பலாம், துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு. சம்மேளனத் தலைவராக இருந்த கணபதிக்கு அடுத்த வருடம் மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் அதுதான் நடந்தது. முந்தின நாள்தான் இன்னொரு தொழிற்சங்கத் தலைவரான வீரசேனனைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். அந்த வாரத்தில் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த ஒரு லயத்து வீட்டுக் கூரையில் சந்தா ரசீதுகள்! அதில் தாத்தா பெயர் மட்டுமா இருந்திருக்கும்? காசு கொடுத்த பக்கத்து வீட்டுக்காரர்கள் பெயரும்தானே?

அதற்காக ஒரேயடியாகத் தியாகி ஆக்கியும் விடாதீர்கள். பயந்திருப்பார், நிச்சயம் பயந்திருப்பார். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி (டாலர்) கூலி என்று ஆசை காட்டி சயாமுக்கு ஏற்றிக்கொண்டு போன ஆட்களை 1943 மழையில் காலரா எப்படி வாரிக்கொண்டு போனது என்று கண்ணால் பார்த்தவர் பயப்படாமல் வேறு யார் பயப்படுவது?

என் பெரியப்பாவும் சயாமுக்குப் போய் வந்தவர். தோட்டத்துக்குள் லோரி வரும் சத்தம் கேட்டால் சாப்பாட்டில் பாதியில் எழுந்து, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, பின்வாசல் வழியாகப் போய்க் கால்வாய் ஓரம் உட்கார்ந்துகொள்வார். உரம் இறக்கிவிட்டு லோரி போன பிறகுதான் வருவார். சோறு காய்ந்து கிடக்கும். நாங்கள் சிறுபிள்ளைகள் அதை நடித்துக் காட்டிச் சிரிப்போம். ஒருநாள்கூட அவர் எங்களை அதட்டியதில்லை.

தேதியும் சட்டமும் புத்தகத்தில் கிடைக்கும், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ரசீதுப் புத்தகத்தை ஒரேயடியாகப் போட்டாரா, ஒவ்வொரு தாளாகக் கிழித்துப் போட்டாரா, பாட்டி பக்கத்தில் இருந்தாரா, அடுப்பில் அப்போது என்ன வெந்துகொண்டிருந்தது, இதெல்லாம் அத்தைக்கு மட்டும்தான் தெரியும். தீபாவளி வரைக்கும் காத்திருக்காமல் இந்த சனிக்கிழமையே போய்விடுங்கள்.