பூனைக்குட்டிக்கு உணவு வாங்கும்போது பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: எங்கள் வீட்டுக்கு மூன்று மாதப் பூனைக்குட்டி ஒன்று வந்திருக்கிறது. எடை ஒன்றேகால் கிலோ. உணவு வாங்கக் கடைக்குப் போனால் 'பிரீமியம்', 'இயற்கையானது', 'தானியம் இல்லாதது' என்று பாக்கெட்டுக்குப் பாக்கெட் ஒரு வாசகம் இருக்கிறது. விலையிலும் ஏகப்பட்ட வித்தியாசம். பூனை வளர்க்கும் உறவினர் ஒருவரோ, பாக்கெட் உணவே வேண்டாம், வேகவைத்த கோழி இறைச்சி மட்டும் போதும் என்கிறார். நல்ல உணவை எப்படி அடையாளம் காண்பது? எவ்வளவு, எத்தனை வேளை கொடுப்பது?

பதில்: பாக்கெட்டின் முன்பக்கத்தை நம்பி எதையும் வாங்காதீர்கள். 'சூப்பர் பிரீமியம்', 'ஹோலிஸ்டிக்' போன்ற சொற்களுக்குப் பெரும்பாலும் சட்டப்படியான வரையறை கிடையாது. எந்த நிறுவனமும் அச்சிட்டுக்கொள்ளலாம். உங்கள் குட்டிக்கு அந்த உணவு ஏற்றதா இல்லையா என்று சொல்லும் வரி பின்பக்கத்தில், பொடி எழுத்தில், சில சமயம் மடிப்புக்கு அடியில் இருக்கும். அதைத் தேடிப் படிக்கும் பழக்கம் வந்துவிட்டால் அலமாரியில் இருக்கும் பலவற்றை நின்ற இடத்திலேயே ஒதுக்கிவிடலாம்.

அந்த வரி இரண்டு விஷயங்களை உறுதியாகச் சொல்ல வேண்டும். முதலாவது, அது முழுமையான, சமச்சீரான உணவு என்பது. வேறு எதுவும் தராமல் அதை மட்டுமே கொடுத்தாலும் குட்டிக்கு வேண்டிய சத்து எல்லாம் அதில் இருக்கிறது என்று பொருள். ஆங்கில லேபிளாக இருந்தால் 'கம்ப்ளீட்' என்ற சொல்லைத் தேடுங்கள். இரண்டாவது, அது வளரும் பருவத்துக்கானது என்பது. 'குரோத்' அல்லது 'ஆல் லைஃப் ஸ்டேஜஸ்' என்று இருந்தால் குட்டிக்குக் கொடுக்கலாம். 'அடல்ட் மெயின்டனன்ஸ்' என்று மட்டும் இருந்தால் அது வளர்ந்த பூனைக்கு உரியது. படத்தில் எவ்வளவு அழகான குட்டி இருந்தாலும் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிடுங்கள். 'காம்ப்ளிமென்டரி' என்றோ 'சப்ளிமென்டல் ஃபீடிங்' என்றோ இருந்தால் அது நொறுக்குத்தீனிதான், சாப்பாடு அல்ல. தெளிந்த குழம்பில் மீன் துண்டுகள் மிதக்கும் சின்னப் பாக்கெட்டுகளிலும், பிதுக்கிக் கொடுத்தால் குட்டி நக்கிச் சாப்பிடும் கூழ்களிலும் பல இந்த வகையைச் சேர்ந்தவை. குட்டி அவற்றுக்கு உயிரை விடும். வயிறு நிறைந்துவிடும், சத்து நிறையாது.

இந்த வரியில் பெரும்பாலும் 'ஆஃப்கோ' (ஏஏஎஃப்சிஓ) அல்லது 'ஃபெடியாஃப்' என்ற பெயர் வரும். முதலாவது அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் சங்கம். இரண்டாவது ஐரோப்பியச் செல்லப்பிராணி உணவுத் தொழில் கூட்டமைப்பு. இரண்டும் சத்துகளுக்கான அளவுகோலை வகுப்பவை. ஆஃப்கோ எந்த உணவையும் பரிசோதித்துச் சான்றிதழ் தருவதில்லை. அந்த அளவுகோலின்படி தயாரித்திருக்கிறோம் என்று சொல்வது நிறுவனம்தான். அதனால் அந்த வரி அவசியம், ஆனால் அது மட்டும் போதாது. நிறுவனத்தைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

முதலில் உங்கள் உறவினரின் யோசனைக்கு வருகிறேன், ஏனென்றால் இதில்தான் ஆபத்து அதிகம். பூனை முழுக்க முழுக்க ஊனுண்ணி, ஆகவே இறைச்சி மட்டும் போதும் என்று தோன்றுவது இயல்பு. காட்டில் வாழும் பூனை வெறும் தசையைச் சாப்பிடுவதில்லை. எலியையும் சின்னப் பறவையையும் எலும்பு, ஈரல், இதயம், குடல் சகிதம் தின்கிறது. கோழியின் தசையில் கால்சியத்தைப்போலப் பதினைந்து மடங்குக்கும் மேல் பாஸ்பரஸ் இருக்கிறது. வளரும் எலும்புக்கோ இரண்டும் ஏறக்குறையச் சமமாக, கால்சியம் சற்றுத் தூக்கலாக வேண்டும். உணவில் கால்சியம் வராதபோது கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பி குட்டியின் சொந்த எலும்பிலிருந்தே அதைக் கரைத்து இரத்தத்துக்குக் கொண்டுவரும். சில வாரங்களில் குட்டி குதிக்கத் தயங்கும், தூக்கினால் வலியில் கத்தும். எக்ஸ்ரே எடுத்தால் வெள்ளையாகத் தெரிய வேண்டிய எலும்பு, சுற்றியுள்ள சதையோடு கலங்கிச் சாம்பல் நிறத்தில் தெரியும். எலும்பின் சுவர் பென்சில் கோடுபோல மெலிந்திருக்கும். தொடை எலும்பில், விழுந்த ஞாபகமே யாருக்கும் இல்லாத ஒரு முறிவு இருக்கும். அந்தக் குட்டிகளை வளர்த்தவர்கள் யாரும் அலட்சியக்காரர்கள் அல்லர். நல்ல இறைச்சியை நாள்தோறும் தாங்களே வேகவைத்துக் கொடுத்தவர்கள்.

டாரின் என்ற சத்தையும் இங்கே சொல்ல வேண்டும். நாயும் மனிதரும் ஓரளவுக்குத் தாங்களே தயாரித்துக்கொள்ளும் இந்த அமினோ அமிலத்தைப் பூனையின் உடலால் போதிய அளவு தயாரிக்க முடியாது. இது குறைந்தால் விழித்திரை சிதையும், இதயத் தசை தளர்ந்து வீங்கும். 1987-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் இந்த இதய நோய்க்கும் டாரின் குறைவுக்கும் உள்ள தொடர்பை நிறுவினார்கள். டாரின் கொடுத்ததும் பல பூனைகளின் இதயம் தேறியது. அதன் பிறகு நிறுவனங்கள் பூனை உணவில் டாரின் அளவை உயர்த்தின, அந்த நோயும் அரிதாகிவிட்டது. டாரின் நீரில் கரையக்கூடியது. இறைச்சியை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் அதில் ஒரு பங்கு போய்விடும். நாய் உணவைப் பூனைக்குக் கொடுக்கவே கூடாது என்பதற்கும் இது ஒரு காரணம். பூனையால் காரட்டின் நிறமியிலிருந்து வைட்டமின் 'ஏ' தயாரிக்க முடியாது, வெயிலில் கிடந்து போதிய வைட்டமின் 'டி' பெறவும் முடியாது. எல்லாவற்றையும் உணவுதான் தர வேண்டும்.

இதற்காக வேகவைத்த கோழியை அடியோடு விலக்க வேண்டியதில்லை. உப்பு, வெங்காயம், பூண்டு சேர்க்காமல், எலும்பில்லாமல், ஒரு நாளைய மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் ஆசைக்குக் கொடுங்கள். முழுக்க வீட்டு உணவுதான் என்று உறுதியாக இருந்தால், விலங்கு ஊட்டச்சத்தில் சிறப்புப் பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவர் உங்கள் குட்டிக்கென்று எழுதித்தரும் அளவுகளை ஒரு கிராம் பிசகாமல் பின்பற்றுங்கள். பச்சை இறைச்சி வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. சால்மோனெல்லா, லிஸ்டீரியா போன்ற கிருமிகள் குட்டியை மட்டுமல்ல, வீட்டில் இருக்கும் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் பாதிக்கும். 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், உறையவைத்த பச்சை இறைச்சி உணவைத் தின்ற வீட்டுப் பூனை ஒன்று பறவைக் காய்ச்சலால் இறந்தது. அந்த உணவில் எச்5என்1 வைரஸ் இருந்தது உறுதியானது.

இனி பொருட்பட்டியல். எடை அதிகமானது முதலில் வரும் என்பது விதி. ஆனால் அந்த எடையில் தண்ணீரும் சேர்த்தி. புதிய கோழி இறைச்சியில் பெரும்பங்கு நீர் என்பதால் அது எளிதாக முதலிடத்துக்கு வந்துவிடும். உலர்த்தி அரைத்த கோழி மாவு பின்னால் இருந்தாலும் அதிகப் புரதம் தரக்கூடும். பட்டியலின் மேலே பெயர் சொல்லி ஒரு விலங்குப் புரதம் இருக்கிறதா என்று பாருங்கள், அதற்கு மேல் அலச வேண்டாம். ஈரல், இதயம் போன்ற உறுப்புகளைக் 'கழிவு' என்று சிலர் பயமுறுத்துவார்கள். பூனைக்கு அவை நல்ல உணவு. இதயத்தில் டாரின் ஏராளம். 'தானியம் இல்லாதது' என்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். அரிசிக்குப் பதில் பட்டாணியும் உருளைக்கிழங்கும் சேர்த்திருப்பார்கள், மாவுச்சத்து அப்படியேதான் இருக்கும்.

புரத அளவை ஒப்பிடும்போது பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. உலர் உணவு பாக்கெட்டில் புரதம் 32 சதவீதம் என்றும், டின்னில் 10 சதவீதம் என்றும் இருக்கும். டின் மட்டம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். டின்னில் 78 சதவீதம் ஈரம் இருந்தால் மீதிச் சத்துப்பொருள் 22 சதவீதம்தான். அந்த 22-இல் 10 புரதம், அதாவது 45 சதவீதம். உலர் உணவில் ஈரம் 10 சதவீதம். மீதி 90-இல் 32 என்றால் ஏறக்குறைய 36 சதவீதம். டின்தான் புரதத்தில் ஒரு படி மேலே இருக்கிறது. இப்படி ஈரம் கழித்துப் பார்க்கையில் ஆஃப்கோ அளவுகோலின்படி வளரும் குட்டிக்குக் குறைந்தது 30 சதவீதம் புரதமும் 9 சதவீதம் கொழுப்பும் வேண்டும்.

நிறுவனத்தைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. லேபிளில் உள்ள எண்ணைத் தொடர்புகொண்டு நேரடியாகக் கேளுங்கள். உணவை வடிவமைத்தவர் ஊட்டச்சத்து நிபுணரா? சொந்தத் தொழிற்சாலையில் தயாரிக்கிறீர்களா? ஒவ்வொரு தொகுப்பையும் சோதிக்கிறீர்களா? நூறு கிராமில் எத்தனை கலோரி? உலகச் சிறுபிராணி மருத்துவர் சங்கமும் (டபிள்யூஎஸ்ஏவிஏ) இத்தகைய கேள்விகளைத்தான் கேட்கச் சொல்கிறது. 2007-இல் மெலமின் என்ற தொழிற்சாலை வேதிப்பொருள் கலந்த கோதுமைப் புரதம் வட அமெரிக்காவில் பல நிறுவனங்களின் உணவுக்குள் போய், பூனைகளும் நாய்களும் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. வாங்கும் மூலப்பொருளைச் சோதிப்பது எவ்வளவு முக்கியம் என்று அந்தச் சம்பவம் காட்டியது. மழுப்பலாகப் பதில் சொல்லும் நிறுவனத்தின் உணவை, விலை எதுவானாலும், நான் பரிந்துரைப்பதில்லை.

உலர் உணவா, ஈர உணவா என்றால் இரண்டையும் பழக்குங்கள். பூனைக்கு இயல்பிலேயே தாக உணர்வு குறைவு, ஈர உணவு வழியாக நீர் உள்ளே போவது நல்லது. குட்டிப் பருவத்தில் ஒரே வகையை மட்டும் தின்று பழகிய பூனை, பிற்காலத்தில் நோய்க்காக உணவை மாற்ற நேரும்போது புதியதைத் தொடாமல் பிடிவாதம் பிடிக்கும். இந்த வயதில்தான் நாக்கு எதையும் ஏற்கும்.

ஒன்றேகால் கிலோ குட்டிக்கு ஒரு நாளைக்குச் சுமார் 200 கலோரி வேண்டியிருக்கும். நூறு கிராமில் 400 கலோரி உள்ள உலர் உணவு என்றால் சுமார் 50 கிராம். ஈர உணவும் கொடுத்தால் அதற்கேற்பக் குறையுங்கள். கண்ணளவாகப் போடாமல் சமையலறைத் தராசில் நிறுத்துவிடுங்கள். குட்டியின் வயிறு சின்னது, அதனால் ஆறு மாதம் வரை நாளைக்கு மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். பிறகு இரண்டு வேளை போதும். பன்னிரண்டு மாதம் வரை குட்டி உணவே தொடரட்டும். மெய்ன் கூன் போன்ற பெரிய இனங்கள் மெதுவாக வளர்பவை, அவற்றுக்கு இன்னும் சில மாதம் நீட்டிக்கலாம். கருத்தடை அறுவை சிகிச்சைக்குப் பிறகு பசி கூடும், கலோரித் தேவை குறையும். அப்போது அளவை மருத்துவரிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். பால் வேண்டாம். தாய்ப்பால் மறந்த குட்டிக்குப் பாலில் உள்ள சர்க்கரை செரிக்காமல் பேதியாகும். கிண்ணத்தில் எப்போதும் தண்ணீர் இருந்தால் போதும்.

புதிய உணவுக்கு ஒரே நாளில் மாற்றாதீர்கள். பழையதில் கால் பங்கு புதியதைக் கலந்து தொடங்கி, ஏழிலிருந்து பத்து நாளில் முழுவதும் மாற்றுங்கள். நடுவே மலம் இளகினால் விகிதத்தைக் கூட்டாமல் அதே அளவில் இரண்டு நாள் கொடுத்துவிட்டுத் தொடருங்கள்.

உணவு ஒத்துக்கொள்கிறதா என்பதைக் குட்டியின் உடம்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். வாரம் ஒரே நாளில் எடை போட்டுக் குறித்து வையுங்கள். இந்த வயதில் வாரத்துக்கு ஏறத்தாழ 100 கிராம் கூட வேண்டும். விலாவைத் தடவினால் எலும்புகள் கைக்குத் தட்டுப்பட வேண்டும், துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது. மலம் உருவத்தோடு இருக்க வேண்டும், ரோமம் மின்ன வேண்டும். நன்றாகச் சாப்பிட்டும் எடை ஏறவில்லை, வயிறு மட்டும் உப்பியிருக்கிறது என்றால் உணவை மாற்றுவதற்கு முன்னால் மலத்தைப் பரிசோதிக்கக் கொடுங்கள். இந்த வயதில் குடற்புழுதான் பெரும்பாலும் காரணம். ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லை என்றால் வேறு பாக்கெட் வாங்கி வந்து சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம், குட்டியை அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். சோர்வு, வாந்தி, பேதி சேர்ந்திருந்தால் அந்த ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. சின்ன உடம்பில் சர்க்கரை அளவு வேகமாக இறங்கிவிடும்.