கராஜ் பக்கம்: கொட்டிலில் நிற்கும் மொறிஸ் மைனர் பிக்கப்

கேள்வி: அப்பப்பாவின் 1098 சிசி மொறிஸ் மைனர் பிக்கப் பல வருடமாகக் கொட்டிலில் நிற்கிறது. அப்பா, சித்தப்பா, பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து திருத்தப் போகிறோம். முதலில் பெயின்ற் அடித்தால் என்ன? – வாசகர், நிலாவெளி

பதில்: பெயின்ற் கடைசி வேலை. மைனர் காருக்குத் தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது; பிக்கப்புக்கும் வானுக்கும் உண்டு. ஏற்றும் பாரமெல்லாம் அதில்தான் நிற்கும். கடலோரத்தில் சேஸிஸ் உள்ளிருந்தே கறள் பிடிக்கும், ஏனென்றால் மூடிய பகுதிக்குள் போன உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். சின்னச் சுத்தியலால் நெடுகத் தட்டிப் பாருங்கள். சத்தம் கணீரென்று வராமல் அமுங்கும் இடத்தை ஸ்குரூ டிரைவரால் குத்துங்கள். ஸ்பிரிங் பூட்டும் இடங்களை இரண்டு தரம் பாருங்கள்.

கறளை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி, 2 மிமீ தகடு வைத்து வெல்ட் பண்ண வேண்டும். கறளின் மேலேயே தகடு வைத்து ரிவெட் அடித்துப் பேஸ்ட் பூசுவது வீண்செலவு: இடையில் ஈரம் நின்று, அடுத்த மாரியிலேயே பேஸ்ட் எழும்பிவிடும். வெல்டிங்குக்கு முன் பெற்றோல் ராங்கைக் கழற்றித் தூர வையுங்கள், பற்றரி வயரையும் கழற்றுங்கள்.

உப்பைக் கழுவ நல்ல தண்ணீர்தான் வேண்டும். சவர்க் கிணறு உதவாது. சுரண்டி வெறும் இரும்பாக்கிய பகுதிக்கு அன்றைக்கே எப்பொக்சி பிறைமர் அடியுங்கள். கடற்காற்றில் ஒரே இரவில் மேலே செம்மை படரும். ஐப்பசி மழைக்கு முன் இந்தக் கட்டம் முடிய வேண்டும்.

பிள்ளைகளுக்கு வேலை உண்டு, அதுவும் பெரிய வேலை. எதையும் கழற்றுமுன் போட்டோ எடுப்பது, நட்டுகளைத் தனித்தனிப் பையில் போட்டு எந்த இடத்தது என்று எழுதுவது. திரும்பப் பூட்டும்போது வீடே அவர்களைத்தான் கேட்கும்.

கேள்வி: எங்கள் மைனரின் எஞ்சின் இறுகிவிட்டது. கியரில் போட்டுத் தள்ளிப் பார்க்கலாமா? – வாசகி, உப்புவெளி

பதில்: வேண்டாம். பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டரோடு கறளில் ஒட்டியிருக்கும். பலவந்தமாகச் சுழற்றினால் உடையும். 4 பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் டீசலும் ஓட்டோமற்றிக் கியர் ஒயிலும் (ATF) சரிபாதி கலந்து 2 மேசைக்கரண்டி ஊற்றி, சில நாட்கள் விடுங்கள். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, முன்பக்க ஹாண்டிலால் மெல்ல முன்னும் பின்னும் அசையுங்கள். இளகியதும் பிளக் இல்லாமலே சுழற்றி மிச்சத்தை வெளியேற்றி, பழைய ஒயிலை வடித்துவிட்டு 20 டபிள்யூ 50 ஒயில் சுமார் 3.7 லீற்றர் விடலாம். வால்வ் இடைவெளி குளிர்ந்த எஞ்சினில் 0.012 அங்குலம், பொயின்ற் இடைவெளி 0.015, பிளக் இடைவெளி 0.025 அங்குலம். சிலிண்டர்கள் பற்றவைக்கும் வரிசை 1-3-4-2.

கேள்வி: எங்கள் மைனரின் பிறேக் மிதி தரைவரை போகிறது. முன்சில்லும் ஆடுகிறது. – வாசகர், கிண்ணியா

பதில்: முன்சில்லு ஒவ்வொன்றிலும் 2, பின்சில்லு ஒவ்வொன்றிலும் 1 என மொத்தம் 6 வீல் சிலிண்டர். எல்லா றப்பரையும் ஒரே தரத்தில் மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் அடுத்தது கசியும். மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில் சேஸிஸுக்குள் இருக்கிறது. அதன் நீண்ட போல்ட்டுகளைக் கழற்ற டோர்ஷன் பார் (முன் ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி) குறுக்கே நிற்கும், ஆகவே ஒரு நாளை அதற்கென்று ஒதுக்குங்கள். பழைய பிறேக் சூவில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். தூசியைக் காற்றடித்து ஊதாமல், ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். சிறுவர்கள் அப்போது பக்கத்தில் நிற்கக் கூடாது.

சில்லின் ஆட்டத்தை லேசாக எடுக்காதீர்கள். ஜக்கில் உயர்த்தி, மேலும் கீழும் பிடித்து அசையுங்கள். ஆட்டம் பெயரிங்கில் இல்லையென்றால், கீழ் ட்ரன்னியனின் (சில்லைத் தாங்கும் தண்டு கீழே மரையில் பூட்டும் துண்டு) மரை தேய்ந்திருக்கலாம். அது கழன்றால் ஓடும்போதே சில்லு உள்ளே மடிந்து விழும். தேய்ந்த மரைக்குக் கிறீஸ் மருந்தல்ல, புதிதுதான் போட வேண்டும். கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் வாங்குவதென்றால் எந்தப் பக்கத்துக்கு என்று சொல்லிக் கேளுங்கள்; வலப்பக்கத்தது இடப்பக்கத்துக்குப் பொருந்தாது. புதிதுக்குக் கிறீஸ் அடிக்கும்போதும் சில்லை ஜக்கில் தூக்கியே அடியுங்கள், பாரம் ஏறி நின்றால் கிறீஸ் மரைக்குள் முழுதாகப் போகாது.