பலகையை விற்க வேண்டாம், மகளை அழைத்துப் போங்கள்

கேள்வி: வியன்னாவில் வேலை பார்க்கிறேன். பல ஆண்டுகளாக ஆஸ்திரியா-ஹங்கேரி எல்லையில் உள்ள நொய்சீட்லர் ஏரியில், போடர்ஸ்டார்ஃப் ஊர்க் கரையில் விண்ட்சர்ஃபிங் (பாய் கட்டிய பலகையில் நின்று காற்றால் நீரில் ஓடுவது) செய்து வருகிறேன். எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர், பெரிய பட்டம் பலகையை இழுத்துப் போகும் கைட்போர்டிங்குக்கு மாறிவிட்டார்கள். முன்பெல்லாம் கூடினால் அடுத்த காற்று எப்போது என்று பேசுவோம். இப்போது ஏரி எப்படி இருந்தது என்ற பேச்சுதான். 2022 வறட்சியில் ஏரி இறங்கியபோது பார்த்த சேறு கண்ணை விட்டுப் போக மறுக்கிறது. பலகை, பாய் எல்லாவற்றையும் விற்றுவிடலாமா என்று யோசிக்கிறேன். பன்னிரண்டு வயது மகள் தனக்கும் கற்றுத்தரச் சொல்கிறாள். “நீ பெரியவளாகும்போது ஏரியே இருக்காதும்மா” என்று சொல்லிவிட்டேன். டான்யூப் ஆற்றுத் தண்ணீரை ஏரிக்குக் கொண்டுவர வேண்டும் என்கிறார்கள் நண்பர்கள். நான் என்ன நினைப்பது, என்ன செய்வது?

பதில்: விற்காதீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது சேறு அல்ல, மகளிடம் நீங்கள் சொன்ன அந்த ஒரு வரி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் உங்கள் வருத்தம். அது நியாயமானது. கடலே இல்லாத நாட்டில், வியன்னாவிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இப்படி ஒரு நீர்ப்பரப்பு! ‘வியன்னாக்காரர்களின் கடல்’ என்று சும்மாவா சொன்னார்கள்? நாணல் காட்டையும் சேர்த்தால் சுமார் 320 சதுர கிலோமீட்டர். ஆனால் ஆழமான இடத்திலும் இரண்டு மீட்டர் கிடையாது. அதனால்தான் வறட்சி இங்கே உடனே தெரிந்துவிடுகிறது. ஆழமான ஏரியில் அரை மீட்டர் இறங்கினால் கரையோரத்தில் மட்டும்தான் தெரியும். இங்கே அரை மீட்டர் இறங்கினால் பலகைக்கு அடியில் உள்ள துடுப்பான ஃபின் சேற்றில் உரசும், படகுத்துறை தரையில் நிற்கும். பலகையை நீருக்கு மேலே தூக்கி ஓட்டும், அடியில் நீளமாக இறங்கும் ஹைட்ரோஃபாயில் வாங்கி வைத்தவர்கள் அதை வேறு ஏரிக்குத்தான் எடுத்துப் போக வேண்டும். 2022-இல் நீர்மட்டம் 1965-க்குப் பிறகு காணாத அளவுக்கு இறங்கியது. பக்கத்திலேயே இருந்த சிக் ஏரி அந்தக் கோடையில் முழுவதும் வற்றிப் போனது. அதைப் பார்த்தவர்கள் பழசைப் பேசாமல் வேறு எதைப் பேசுவார்கள்?

ஆனால் உங்கள் கூட்டத்தின் நினைவு கொஞ்சம் குட்டையானது என்பேன். 1865-இல் தொடங்கி சில ஆண்டுகள் இந்த ஏரி ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லாமல் கிடந்தது. அப்புறம் தானே நிரம்பியது. இயற்கையாக வெளியேறும் வழி இல்லாத ஏரி அது. வருகிற நீரில் பெரும்பங்கு நேரடியாக விழும் மழை, போகிற நீரில் பெரும்பங்கு ஆவி. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹங்கேரிப் பக்கம் கால்வாய் வெட்டினார்கள். ஏரியை அடியோடு வடித்து விளைநிலமாக்கிவிடலாம் என்ற எண்ணம்கூட அன்றைக்கு இருந்தது. 1965-இல் இரண்டு நாடுகளும் கூடிப் பேசி, அந்தக் கால்வாய் மதகை இயக்க விதிமுறை வகுத்தன. அதன்பின் மட்டம் பெரிய ஏற்ற இறக்கமின்றி நின்றது. நீங்கள் நேசித்த ஏரி அந்த மதகு காத்துத் தந்த ஏரி.

“அப்படியானால் இதுவும் தானாகச் சரியாகிவிடும்” என்று இதைப் படிக்க வேண்டாம். 2024 செப்டம்பர் பெருமழையில் மட்டம் ஏறியது உண்மைதான். அதனால் மனம் லேசாவதும் தப்பில்லை. ஆனால் கோடை ஒவ்வொன்றும் முன்பைவிடச் சூடாகும்போது, ஆவியாகிப் போவது கூடிக்கொண்டேதான் இருக்கும். மதகை அடைத்து வைக்கலாம், ஆவியை அடைக்க முடியாது.

டான்யூப் விஷயத்தில் நான் உங்கள் நண்பர்கள் பக்கம் இல்லை. ஹங்கேரியில் ஓடும் மோஷோன்-டான்யூப் கிளையிலிருந்து நீர் எடுக்கும் யோசனை அது. இந்த ஏரியின் நீர் உப்பும் சோடாவும் கலந்தது. எப்போதும் கலங்கிய சாம்பல் நிறத்தில் இருப்பதற்கு அந்த உப்பும் ஒரு காரணம், அந்தக் கலங்கல்தான் அதன் ஆரோக்கியம். நன்னீர் பாய்ந்தால் உப்பு நீர்த்துப் போகும், நாணல் இன்னும் வேகமாகப் பரவும், ஏரி மேடாகும். ஏற்கெனவே பாதி ஏரி நாணல்! நாம் பலகை ஓட்டுவதற்காக மட்டத்தை ஏற்றப் போய் ஏரியையே வேறொன்றாக மாற்றிவிடக் கூடாது. ஏரிக்குக் கிழக்கே உள்ள ஸேவிங்கல் பகுதியில் நூற்றுக்கு மேல் இருந்த உப்புக் குட்டைகளில் பெரும்பாலானவை இன்று இல்லை. வயலுக்காக வாய்க்கால் வெட்டி வடித்ததும், நிலத்தடி நீர் இறங்கியதும்தான் பெரிய காரணங்கள். நண்பர்களோடு குரல் கொடுப்பதானால், நிலத்தடி நீரை அங்கேயே நிறுத்தி வைக்க வேண்டும் என்று கொடுங்கள்.

பழங்கதை பேசுவதை நிறுத்த வேண்டாம், கொஞ்சம் ஒழுங்காகப் பேசுங்கள். ஆளுக்கு ஆள் கைப்பேசியில் பழைய படங்கள் கிடக்கும். எந்தத் தேதி, எந்த இடம், தண்ணீர் முழங்காலா இடுப்பா, அன்றைக்கு எத்தனை சென்டிமீட்டர் ஃபின் போட்டீர்கள் என்று எழுதி ஒரே இடத்தில் சேருங்கள். அதிகாரிகளின் அளவுகோல் நீர்மட்டத்தைத்தான் சொல்லும். சேறு எங்கே ஏறியது, நாணல் எவ்வளவு தூரம் வந்தது என்பது கரையில் தினமும் நின்றவர்களுக்குத்தான் தெரியும். ஊர்ப் பெரியவர்களையும் கூட்டத்துக்கு அழையுங்கள். அவர்களிடம் உங்களுடையதைவிட நீளமான நினைவு இருக்கும்.

இனி உங்கள் மகள். விண்ட்சர்ஃபிங் கற்றுக்கொள்ள இடுப்பளவுத் தண்ணீரைப்போல நல்ல பள்ளிக்கூடம் இல்லை. விழுந்தால் எழுந்து நிற்கலாம், பயம் போய்விடும். உங்களுக்குக் குறையாகத் தெரிகிற ஆழம் அவளுக்குப் போதும். போடர்ஸ்டார்ஃப் கிழக்குக் கரை, வழக்கமாக அடிப்பது வடமேற்குக் காற்று. அவளால் திரும்பி வர முடியாவிட்டாலும் காற்றே கரைக்குத் தள்ளிவிடும். தென்கிழக்குக் காற்று அடிக்கும் நாளில் மட்டும் இறக்காதீர்கள். அது உள்ளே இழுத்துப் போகும், கரையோரத் தண்ணீரையும் எதிர்ப்பக்கம் தள்ளிவிடும். கிளம்பும் முன் நீர்மட்டத்தையும் காற்றையும் பாருங்கள். அகலமான பலகை, சின்னப் பாய், குட்டை ஃபின், உயிர்காப்பு மேலங்கி. காலுக்குக் கட்டாயம் ரப்பர் காலணி, நாணல் கட்டை குத்தினால் ஆழமாகக் குத்தும். உங்கள் பழைய பலகை அகலமானதாக இருந்தால் அதையே கொடுங்கள். வரும் மே மாதத்துக்குள் ஒரு சனிக்கிழமையை முடிவு செய்து, இன்றைக்கே அவளிடம் சொல்லிவிடுங்கள்.